ஈயம் கெடுத்த தேன்கூடு

1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. 796 சிசி மாருதி 800க்கும்தான்! சைலன்ஸருக்கு முன்னால் இருக்கும் தேன்கூடு மாதிரியான சமாச்சாரம் அது. அதில் பூசிய பிளாட்டினம் போன்ற உலோகங்கள், விஷமான கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக மாற்றிவிடும். பெட்ரோலில் ஈயம் இருந்தால் மட்டும் ஆகாது. உலோகத்தின் மேல் படிந்து வேலையைக் கெடுத்துவிடும்.

சென்னையில் ஈயமில்லாத பெட்ரோல் கிடைத்தது. அதே கார் திருவிழாவுக்குப் பெண்ணாடம் கிளம்பி, வழியில் சாதா பெட்ரோல் போட்டால்? சில முறை டேங்க் நிரப்பினாலே போதும், கன்வர்ட்டர் வெறும் தகர டப்பா! வண்டி என்னவோ வழக்கம்போல ஓடும், ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில்தான். கிட்டத்தட்ட ஐந்து வருடம்!