சுகரும் சரக்கும்

முலுண்ட்ல நம்மாளுங்க சனிக்கிழமை கூடினா முன்னெல்லாம் ஊர்க்கதை ஓடும், இப்ப சுகர் ரிப்போர்ட். விஸ்கில மாவுச்சத்தே இல்லையாமேன்னு ஒரு சந்தோஷம் வேற. வாஸ்தவம்தான். காய்ச்சி வடிக்கறப்ப சர்க்கரை அண்டாவிலேயே தங்கிடும். விஸ்கி, வோட்கா, ஜின் மூணுமே சைபர். வில்லன், கூடக் கலக்குற கோலா: 200 மில்லியில 20 கிராம் சர்க்கரை. டானிக் வாட்டரும் இனிப்புதான், ஏமாறாதீங்க.

நம்ம கலவை: 30 மில்லி வோட்கா, சோடா, அரை எலுமிச்சை, மார்க்கெட்ல வாங்கி ஊறவச்ச காஞ்ச கோகம் ரெண்டு (சிரப் வேணாம்).

ஆனா மக்களே, கல்லீரல் சாராயத்தைக் கவனிக்கறப்ப ரத்தத்துக்குச் சர்க்கரை அனுப்பறதைக் குறைச்சிடும். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுக்கறவங்க வெறும் வயித்துல குடிச்சா, நடுராத்திரி சுகர் பாதாளத்துக்குப் போகலாம். பக்கத்துல இருக்கறவங்க போதைன்னு நெனச்சு தூங்க விட்டுடுவாங்க. எங்க வீட்டுல சப்பாத்தி தட்டுக்கு வந்த பிறகுதான் பாட்டில் திறக்கும்.