நிரம்பியதெல்லாம் நோயல்ல

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் அதிகம் காதில் விழுவது இதுதான்: "சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு, ஒரு ஃபார்மட் போட்டுடுங்க." நோயோடு மருந்தையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: எப்போது ஸ்லோ? ஆன் பண்ணியதும் இழுக்கிறது என்றால், கூடவே எழுந்து வரும் புரோகிராம்களையோ ஹார்ட் டிஸ்க்கையோ பார்க்க வேண்டும். காலையில் நன்றாக இருந்து மத்தியானத்துக்கு மேல் திணறுகிறது என்றால், ஏதோ ஒன்று மெமரியைக் கேட்டு வாங்கிவிட்டுத் திருப்பித் தராமல் இருக்கிறது. ஒரே ஒரு வேலையின்போது மட்டும் என்றால், அந்த மென்பொருளோடுதான் பேச வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்பே பாதி வேலை இந்தக் கேள்வியில் முடிந்துவிடும்.

மீதிப் பாதி டாஸ்க் மேனேஜரில். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வந்து நிற்கும். மெமரி 70 சதவீதம் என்று அது காட்டியதும் பலருக்கும் பதற்றம். காசு கொடுத்து வாங்கிய ராம் சும்மா கிடந்தால்தான் நஷ்டம். 2007இல் விஸ்டா வந்தபோதே, நாம் அடிக்கடி திறப்பவற்றை முன்கூட்டியே ராமில் ஏற்றி வைக்கும் சூப்பர்ஃபெட்ச் வந்துவிட்டது. இன்று அதன் பெயர் சிஸ்மெயின். அப்படி ஏற்றியது யாராவது இடம் கேட்டால் உடனே ஒதுங்கிக்கொள்ளும். அதனால் டாஸ்க் மேனேஜர் அதைச் சதவீதத்தில் சேர்க்காமல் 'அவைலபிள்' என்ற எண்ணில்தான் சேர்க்கும்; நான் பார்ப்பது அந்த எண்ணை. கல்யாணப் பந்தியில் எல்லா இலையிலும் ஆள் உட்கார்ந்திருப்பது குறையில்லை; நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்க ஆரம்பித்தால்தான் சிக்கல்.

ராமைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் இலவச புரோகிராம்கள் செய்வது, சாப்பிட்டுக்கொண்டிருப்பவரை எழுப்பி வெளியே அனுப்பும் வேலை. சதவீதம் சட்டென்று குறையும், பார்க்க அழகாக இருக்கும். அடுத்த நிமிடம் அதே ஆட்கள் திரும்பி வருவார்கள். அந்த நேரம் மெஷின் முன்னைவிட மோசமாக இழுக்கும்.

ராமில் இடம் போதாதபோது விண்டோஸ் கொஞ்சத்தைச் சுருக்கி வைக்கும், மிச்சத்தை டிஸ்க்கில் இருக்கும் பேஜ் ஃபைலுக்குத் தள்ளும். டிஸ்க் என்பது சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் அங்கேதான் வினை. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் தட்டில், தேடும் இடத்துக்கு முள் போய்ச் சேரவே ஏறக்குறைய 10 மில்லி செகண்ட் ஆகும். ராம் அதே வேலையை 100 நானோ செகண்ட் அளவில் முடிக்கும். வித்தியாசம் ஒரு லட்சம் மடங்கு. உள்ளே இழுப்பதும் வெளியே தள்ளுவதுமாகவே நேரம் போய், உருப்படியான வேலை நடக்காத இந்த நிலைக்கு 'த்ராஷிங்' என்று பெயர். பீட்டர் டென்னிங் 1968இலேயே இதன் காரணத்தையும் தடுக்கும் வழியையும் எழுதிவிட்டார். ரிசோர்ஸ் மானிட்டரில் 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' என்ற கட்டம் நூற்றுக்கணக்கில் நின்று இறங்காமலே இருந்தால், நம் கண் முன்னால் நடப்பது அதுதான்.

ஜெராக்ஸ் கடை மெஷின்கள் பெரும்பாலும் இந்த ரகம். 4 ஜி.பி. ராம், பழைய ஹார்ட் டிஸ்க், பிரவுசரில் வரிசையாக டேப், பின்னால் ஸ்கேன் செய்த பி.டி.எஃப். எஸ்.எஸ்.டி. போட்டால் பறக்கும். ஆனாலும் ராம் பற்றாக்குறை உள்ளே அப்படியே இருக்கும், காத்திருக்கும் நேரம்தான் குறையும். ராம் வாங்கும் முன் எத்தனை ஸ்லாட் காலி, டி.டி.ஆர். 3ஆ 4ஆ என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் உட்காராது. போட்டிருப்பது 32 பிட் விண்டோஸ் என்றால் 8 ஜி.பி. வாங்கிச் செருகினாலும் 4க்கு மேல் அதற்குப் பயன்படாது.

கையைக் கட்டிப்போடும் கேஸ் வேறு. ஒரு ஆடிட்டர் ஆபீஸ் மெஷின். 8 ஜி.பி.யில் 90 சதவீதம் நிரம்பியிருந்தது. பிராசஸ் பட்டியலில் உள்ளதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் 3 ஜி.பி.கூட வரவில்லை. கணக்குப் பிள்ளைகள் நிறைந்த இடத்திலேயே கணக்கு உதைத்தது. இப்படி வரும்போது பட்டியலில் தேடிப் பயனில்லை, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தின் அடியில் 'நான் பேஜ்டு பூல்' என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். டிரைவர்களும் விண்டோஸின் மையமான கெர்னலும் எடுத்துக்கொள்ளும் இடம் அது. டிஸ்க்குக்குத் தள்ளவும் முடியாது. சாதாரணமாகச் சில நூறு எம்.பி.யில் நிற்கும், அங்கே 3 ஜி.பி.யைத் தாண்டியிருந்தது. பூல்மான் என்ற மைக்ரோசாஃப்ட் கருவியை ஓடவிட்டால் யார் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று நான்கெழுத்து அடையாளத்தோடு வரிசைப்படுத்தும். அந்த நான்கெழுத்தை டிரைவர் ஃபைல்களுக்குள் தேடினால் ஆள் அகப்பட்டுவிடும். அகப்பட்டது நெட்வொர்க் கார்டு டிரைவர்.

"தினமும் ஷட் டவுன் பண்ணிட்டுத்தானே சார் போறோம், அப்புறம் எப்படிச் சேருது?" என்றார் அங்கிருந்த அம்மா. நியாயமான கேள்வி. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. ஷட் டவுன் கொடுத்தால் நம் புரோகிராம்கள் மூடும், ஆனால் கெர்னல் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்டு மறுநாள் அதே நிலையில் எழும். டிரைவர் பிடித்து வைத்ததும் கூடவே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் கணக்குப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். டிரைவரின் புது வெர்ஷனைப் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, சாயங்காலம் வரை ஓடவிட்டுப் பார்த்தோம். எண் ஏறவில்லை.

அந்த மெஷினை ஃபார்மட் போட்டிருந்தால் இரண்டு நாள் நன்றாக ஓடியிருக்கும். மதர்போர்டோடு வந்த பழைய சி.டி.யிலிருந்து அதே டிரைவரை மறுபடி ஏற்றியிருப்போம். வியாதியும் மறுபடி வந்திருக்கும். ஃபார்மட் குணப்படுத்தும் நேரங்கள் உண்டு, ஆனால் எது குணமானது என்று அது சொல்லாது.

இந்தத் தொழிலில் சங்கடம் பில் போடும்போதுதான். "ஒரு பார்ட்டும் மாத்தலையே, எதுக்கு இவ்வளவு?" என்பார்கள். அதனால் பழுது பார்க்கும் முன்னும் பின்னும் டாஸ்க் மேனேஜரில் உள்ள எண்ணை அவர்களுக்கே காட்டி, இரண்டையும் பில்லில் எழுதிக் கொடுக்கிறேன். அடுத்த முறை மெஷின் இழுத்தால் எங்கே பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும். அப்படித் தெரிந்துகொண்டவர்கள் திரும்ப வரும்போது ஃபார்மட் கேட்பதில்லை, எண்ணோடு வருகிறார்கள்.