தோல் குஞ்சமும் சுதந்திரப் பாடமும்

சுதந்திரத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் புகும் நாம் பெரும்பாலும் அதைத் தேதிகளாகவே கற்பித்து முடித்துவிடுகிறோம். அமெரிக்காவுக்கு 1776 ஜூலை 4, பிரான்சுக்கு 1789 ஜூலை 14, நமக்கு 1947 ஆகஸ்ட் 15 என்று மனனம் செய்த பிள்ளை பரீட்சையில் தேறிவிடும்; ஆனால், யார் எவரிடமிருந்து விடுபட்டார்கள், விடுபட்டவர்களுடைய காலின்கீழ் அப்போதும் மிதிபட்டுக் கிடந்தவர்கள் யாவர் என்ற வினா அதன் சித்தத்தில் எழாமலே போய்விடும். ஆம்பூரில், டேனரிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் பாடுபடுவோருடைய குழந்தைகளுக்கு மாலை வேளைகளில் சரித்திரம் சொல்லித் தரும் பாக்கியம் பெற்றவன் என்ற முறையில், அமெரிக்க சுதந்திரத்தைப் பாலாற்றங்கரையிலிருந்து தொடங்கிச் சொல்வதே உசிதம் என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம்.

இங்குள்ள பிள்ளைகளுக்கு அமெரிக்கா அப்படியொன்றும் தூரதேசமன்று. அவர்களுடைய தாய்மார்கள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிச் சென்று தைத்துக் கொடுக்கும் பாதரட்சைகள் கடல் கடந்து அங்கெல்லாம் போகின்றன. வீட்டில் எவருக்கேனும் பெரிய நோய் வந்தால் ஓடிச்சென்று நிற்கும் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி, ராணிப்பேட்டையில் 1870-ஆம் ஆண்டு ஓர் அமெரிக்க மிஷனரி குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய தர்ம வைத்தியசாலையின் விருத்தியே. ஆகவே அந்தத் தேசத்தின் பெயரைச் சொன்னதும் பிள்ளைகள் செவிசாய்த்து உட்காருகிறார்கள்.

அவர்களிடம் நான் முதலில் சொல்வது தேயிலைக் கதை. 1773-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் தேதி இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கவிழ்த்தார்களே, அந்தத் தேயிலை யாருடையது என்று கேட்டால் வகுப்பில் எவருக்கும் தெரிவதில்லை. அது கிழக்கிந்தியக் கம்பெனியாருடையது; சென்னையில் கோட்டை கட்டி, ஆற்காட்டு நவாபைக் கடனில் ஆழ்த்தி, பின்னர் நம்முடைய ஜில்லாவின் நிலவரியையும் கணக்குப் பார்த்த அதே கம்பெனி என்று சொன்னவுடன், இரண்டு கண்டங்களின் சரித்திரமும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருப்பதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுகொள்கிறார்கள். அமெரிக்கர்கள் ஜார்ஜ் மன்னரின் படைகளை எதிர்த்துப் போரிட்ட அதே காலத்தில், 1780-இல் ஹைதர் அலி கர்நாடகத்தின்மீது படையெடுத்து வந்து, ஆற்காட்டைப் பிடித்து, வேலூர்க் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். பொது எதிரியை எதிர்த்து நிற்கும் அந்த வீரருடைய கீர்த்தி அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து சென்றது. பென்ஸில்வேனியா மாகாணத்தாரின் போர்க்கப்பல் ஒன்று அவர் பெயரையே தாங்கியிருந்தது. அந்தக் கப்பல் 1782 ஏப்ரலில், தன்னைவிடப் பலம் பொருந்திய ஆங்கிலேயக் கப்பல் ஒன்றை டெலவேர் விரிகுடாவில் வென்று சிறைப்படுத்தியது. நம்முடைய மலைக்கணவாய்களின் வழியே குதிரைப்படை நடத்தி வந்த ஒருவருடைய பெயர் அமெரிக்க விடுதலைப் போரில் கடலில் மிதந்தது என்ற செய்தியை எந்தப் பாடப்புத்தகமும் விட்டுவிடலாகாது என்று நான் கருதுகிறேன்.

பிறகு கார்ன்வாலிஸ் பிரபு வருகிறார். 1781 அக்டோபரில் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த சேனாதிபதியும், ஐந்தே ஆண்டுகளில் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் வந்திறங்கியவரும், 1792-இல் ஹைதர் அலியின் மகன் திப்பு சுல்தானுடைய இரண்டு இளம் புதல்வர்களைப் பிணையாக வாங்கிக்கொண்டு சென்றவரும் ஒருவரே. மேற்கில் இழந்ததைக் கிழக்கில் ஈட்டிக்கொண்ட சாம்ராஜ்யத்தின் கதை அந்த ஒரு மனிதருடைய வாழ்க்கையில் முழுமையாக அடங்கிவிடுகிறது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு மாண்ட பின்னர், அவருடைய மக்களும் குடும்பமும் கொண்டுவந்து வைக்கப்பட்ட இடம் வேலூர்க் கோட்டை. சுற்றுலா போகும்போது பிள்ளைகள் எட்டிப் பார்க்கும் அதே மதில், அதே அகழி.

அந்தக் கோட்டையில் 1806 ஜூலை 10-ஆம் தேதி விடியுமுன் நடந்ததுதான் வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி. சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடலாகாது, தாடி வைக்கலாகாது, மீசையைக் கம்பெனியார் சொன்ன அளவிலே கத்தரித்துக்கொள்ள வேண்டும், புதுமாதிரித் தலைப்பாகை ஒன்றை அணிய வேண்டும் என்று தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் காலத்தில் விதிகள் பிறந்தன. தொப்பிபோல் தோன்றிய அந்தத் தலைப்பாகையில் தோலாலான குஞ்சம் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அது பசுவின் தோலோ, பன்றியின் தோலோ என்ற சந்தேகமும், தங்களைப் பரங்கியர் மதத்துக்கு இழுக்கும் சூழ்ச்சியே இது என்ற அச்சமும், குறைந்த சம்பளத்தினால் ஏற்கெனவே கசந்திருந்த உள்ளங்களில் பற்றி எரிந்தன. மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது; அடிபட்ட இருவரில் ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். அதன் பின்னரே கலகம் மூண்டது. நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியர் மாண்டனர். கோட்டையின்மீது திப்புவின் மைசூர்க் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்து சில மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் ரத்தத்தில் அடக்கினார். முந்நூற்றுக்கு மேற்பட்ட சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். பின்னர் நடந்த விசாரணையில் குற்றவாளிகள் என்று தீர்க்கப்பட்டவர்களுள் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். கிரடாக்கும் சென்னைக் கவர்னர் பெண்டிங்க்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். தலைப்பாகை விதியும் ரத்தாயிற்று. வேலூர் மக்கான் அருகே நிற்கும் நினைவுத் தூண் அந்தச் சிப்பாய்களுக்காகவே.

இந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்த ஒரு மாலையில், எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சார், தோலுன்னா அவங்களுக்கு என்னா சார் அசிங்கம்? எங்கப்பா டெய்லி அதத்தானே தொடறாரு?"

அவளுடைய தந்தை டேனரியில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்ப்பவர். அந்த வினாவில் ரோஷமும் இருந்தது. உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பும் ஆவலும் இருந்தது. வேலூர்ப் புரட்சியைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். ஆயினும் தோல் பதனிடுவோருடைய வீட்டிலிருந்து பார்க்கும்போது அந்தக் குஞ்சம் எப்படித் தோன்றும் என்பதை, அந்த வீட்டுக் குழந்தையையன்றி வேறெவர் கேட்கக்கூடும்?

நான் அவளுக்கு இரண்டு பகுதியாக மறுமொழி சொன்னேன். ஒரு மனிதன் வேண்டாம் என்று மறுப்பதை அவனுடைய தலையின்மேல் அதிகாரத்தால் வைப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை; பொருள் தோலாயினும் சரி, பட்டாயினும் சரி, வைக்கும் கை அக்கிரமமான கையே. நெற்றியும் தாடியும் தலையும் அவனவனுக்குச் சொந்தம் என்று நின்ற சிப்பாய்களின் பக்கமே நியாயம் இருந்தது. இரண்டு சமயத்தாரும் தோளோடு தோள் சேர்ந்து நின்றதும் நாம் என்றைக்கும் கொண்டாடத்தக்கது. இது முதற் பகுதி.

இரண்டாவது பகுதி கடினமானது. தோலைக் கண்டு கூசிய அந்தக் கூச்சம் கம்பெனியார் கொண்டுவந்ததன்று. அது நம்முடைய ஊர்களிலேயே விளைந்தது. தோற்பறி கட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைத்த கழனியின் நெல்லைத் தின்றோம். தோல் போர்த்த மிருதங்கத்தின் நாதத்தில் மெய்ம்மறந்தோம். தோற்செருப்பு அணிந்து யாத்திரை போனோம். ஆனால், மாட்டை உரித்தவனையும் தோலை ஊறவைத்தவனையும் ஊருக்கு வெளியே நிறுத்தி, அவனுடைய நிழலுக்கும் தீட்டு விதித்தோம். சென்னைப் படையிலே ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த சிப்பாய்களும் சேவித்தார்கள் என்பதை நினைக்கும்போது, அந்தக் குஞ்சத்தைப் பற்றிய பேச்சு அணிவகுப்பில் நின்ற ஒவ்வொருவருடைய காதிலும் ஒரேவிதமாக விழுந்திராது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்நியனுடைய விலங்கை உடைக்க எழுந்த கையிலேயே பழைய விலங்கு ஒன்று பூட்டியபடி இருந்தது என்பதை அந்தப் பெண்ணிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த இடத்திலேதான் அமெரிக்கப் பாடம் எனக்குப் பெரிய துணையாக வந்தது. மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்ற மகத்தான பிரகடனத்தை வரைந்த ஜெஃபர்ஸன், தம் ஆயுட்காலத்தில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாகச் சொந்தம் கொண்டிருந்தவர். அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அவரே எழுதிச் சேர்த்திருந்த பகுதியை, காங்கிரஸ் சபையார் பிரகடனத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். ஜூலை 4 அன்று சுதந்திரம் பிரகடனமான நாட்டில், பருத்திக் காட்டில் வளைந்த முதுகுகளுக்குச் சட்டப்படி விடுதலை கிடைக்க 1865-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் வரையில், ஏறத்தாழ 90 ஆண்டுகளும் ஒரு பயங்கரமான உள்நாட்டுப் போரும் தேவைப்பட்டன. இதைக் கேட்ட பிள்ளைகள், "அப்ப அது பொய்யா சார்?" என்றார்கள். பொய்யன்று. எழுதியவரைக் காட்டிலும் எழுத்து பெரியதாக இருந்தது. அடிமைகளாக இருந்தவர்களே அந்த எழுத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்களுக்கும் இது பொருந்த வேண்டும் என்று வாதாடினார்கள்.

அம்பேத்கர் அவர்களைப் பற்றி இங்கே சொல்லாமல் எவ்வாறு பாடத்தை முடிப்பது? கம்பெனி காலத்துப் பட்டாளத்தின் வழிவந்த சேனையிலே சுபேதாராக இருந்தவரின் புதல்வர். 1913-இல் நியூயார்க் சென்று கொலம்பியா சர்வகலாசாலையில் பயின்றவர். தாம் தலைமை வகித்த வரைவுக் குழுவின் மூலம், தீண்டாமையை ஒழிக்கும் பதினேழாம் ஷரத்தை நம்முடைய அரசியல் சட்டத்திலே அமைத்துத் தந்தவர். சிப்பாயின் வீடு, அமெரிக்கக் கல்வி, தோலைத் தொட்டவனுக்கு நீதி ஆகிய மூன்றும் ஒருவரிடத்திலேயே வந்து கூடுவதைக் கண்ட பிள்ளைகளுடைய முகமலர்ச்சியைக் காண வேண்டும். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல்தான் நமக்கு வந்தது என்பதையும், அதற்குப் பின்னரும் இந்த வட்டாரத்து அரிசி ஆலைகளிலிருந்து இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டு வருகின்றன என்பதையும் நான் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இவ்விதம் கற்பித்தால் குழந்தைகளுக்குத் தேசபக்தி குறைந்துவிடும் என்று நண்பர்கள் சிலர் ஆட்சேபிக்கிறார்கள். என் அனுபவம் நேர்மாறானது. குறை தெரிந்த பிறகும் அந்தச் சிப்பாய்களை வணங்கும் பிள்ளையின் பக்தி, ஒன்றும் தெரியாமல் வணங்கும் பிள்ளையின் பக்தியைவிட உறுதியானது.

ஜூலை 4-ம் ஜூலை 10-ம் ஒரே வாரத்துக்குள் அடங்குகின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பள்ளிகளிலாவது அந்த வாரத்தில் இரண்டு பாடங்களையும் சேர்த்து நடத்தவும், தோல் வேலை செய்யும் பெற்றோர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து உட்கார வைத்துக் கேட்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும். எங்கள் மாலை வகுப்புக்கு அந்தப் பெண்ணின் தந்தையே வந்தார். உப்பிட்டு வரும் பச்சைத் தோலை ஊறப்போட்டு, சுண்ணாம்பில் இட்டு, மயிர் கழற்றி, சதை நீக்கி, பதனிட்டு நீலமாக எடுக்கும் வரையில் உள்ள ஒவ்வொரு வேலையையும் நிதானமாக விவரித்தார். பிள்ளைகள் கையுறை கொடுப்பார்களா என்று கேட்டார்கள். ஒரு தோலுக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். ஒரு சிறுவன், யாராவது அவருக்குத் தண்ணீர் தர மறுத்ததுண்டா என்று கேட்டான். "எனக்கு இல்லப்பா. எங்கப்பாவுக்கு எங்க ஊரு டீக்கடையில தனி கிளாஸ் வச்சிருந்தாங்க" என்று அவர் சொன்னார். அடுத்த வாரத்துப் பாடத்தை அந்தத் தனி கிளாஸிலிருந்தே தொடங்கி, பதினேழாம் ஷரத்தை வரிவரியாகப் படிப்பதென்று அன்றே வகுப்பில் தீர்மானித்துக்கொண்டோம்.