இருமினா தள்ளிப் போயிடாதீங்க

போன பிரதோஷத்தன்னிக்கு வரிசைக்கு வழி சொல்லிட்டு இருந்தப்ப எனக்கு இருமல் வந்துருச்சு. ஒரு அக்கா சட்டுனு பிள்ளையை இழுத்துக்கிட்டாங்க. தப்பில்ல, கோவிட் கத்துக்கொடுத்த பழக்கம்.

என் நோய் தொத்தாதுங்க. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், அப்பா, அம்மா ரெண்டு பேர் வழியாவும் பழுதான மரபணு வந்ததால பிறவியிலேயே இருக்கு. சளி பசை மாதிரி கெட்டியாகி நுரையீரலோட சைனஸையும் அடைச்சுக்கும். (இதே நோய் உள்ள இன்னொருத்தர் வந்தாதான் நாங்க தள்ளி நிக்கணும். ஒருத்தர் கிருமி மத்தவருக்கு ஆபத்து.)

தினமும் உட்லண்ட்ஸ் வீட்டுல, கொதிக்கவச்சு ஆறவச்ச உப்புத்தண்ணியில மூக்கைக் கழுவிட்டுத்தான் சேவைக்குக் கிளம்புவேன். மூக்குக்குள்ள வளர்ற சதையை ரெண்டு தடவை எடுத்தாச்சு, திரும்ப வளருது. சாம்பிராணி வாசம் தெரியாது. ரெண்டாவது அறுவைக்கு அப்புறம் ஒருநாள் கற்பூரம் மணந்துச்சு, அழுதுட்டேன். ரெண்டு மாசம்தான் அது.

அக்கா, இதைப் படிச்சா அடுத்த பிரதோஷத்துக்குப் பிள்ளையோட வாங்க. வில்வம் எடுத்து வைக்கிறேன்.