கிழித்த தாள்

படம் வரைவது குற்றமன்று. ஆயினும், ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் கணக்கு ஏட்டில் கைத்துப்பாக்கியின் படத்தைக் கண்ட அன்று, சற்றும் எண்ணிப் பாராமல் அத்தாளைக் கிழித்தெடுத்தேன். "இதுதான் நீ கற்ற கணக்கா?" என்று சினந்தேன். தலைகுனிந்து நின்றவன் மெல்லக் கேட்டான்: "ஐயா, விளிம்புள்ள தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சிக்கிக்கொள்ளாவா?"

அவ்வினாவுக்கு எனக்கு விடை தெரியாது. அறியாமையைச் சினத்தால் மூடிக்கொண்டு, வகுப்பிற்குப் போகுமாறு அவனைப் பணித்தேன்.

என் அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம் மலேசிய நாட்டில் 1971ஆம் ஆண்டுச் சுடுகருவிச் சட்டத்தின்கீழ், குற்றம் புரியும்போது சுட்டவனுக்குத் தூக்கு என்பது நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. 2023இல்தான் அக்கட்டாயம் நீங்கியது. என்னிடம் அகர முதல எழுத்தைக் கற்று, பின்னாளில் தீய கூட்டத்திற் சேர்ந்து சிறை புகுந்த இளைஞர் இருவரின் முகங்கள் அன்று என் கண்முன் வந்து நின்றன. இவனும் அவ்வழியே போய்விடுவானோ என்று அஞ்சினேன்.

மாலையில் பள்ளி ஓய்ந்தபின் அத்தாளை மேசைமேல் விரித்தேன். குழல், சுருள்வில், தோட்டா அடுக்கு என ஒவ்வோர் உறுப்பிற்கும் அழகிய கையெழுத்தில் தமிழ்ப்பெயர் எழுதியிருந்தான். கட்டுரைப் பயிற்சியில் பத்து வரி எழுதத் திணறும் பிள்ளை அவன்! அவனுடைய வினாவைப் பின்பற்றி அன்றிரவு நெடுநேரம் படித்தேன்.

'மேக்னம்' என்பது பெரியது எனப் பொருள்படும் இலத்தீன் சொல். ஒன்றரை லிட்டர் கொள்ளும் மதுப்புட்டிக்கும் அப்பெயர் உண்டு. ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் 1935இல் தன் சுழல்துப்பாக்கிக்கென வெளியிட்ட ஆற்றல் மிக்க தோட்டாவே .357 மேக்னம். சுழல்துப்பாக்கியின் உருளையில் தோட்டா உள்ளே நழுவிவிடாமல் தாங்குவதும், சுட்டபின் வெற்றுறையை வெளியே தள்ளப் பிடிப்புத் தருவதும் அதன் அடிப்புற விளிம்புதான். ஆணியின் தலையைப் போன்றது எனலாம். அங்கே ஒவ்வொரு தோட்டாவிற்கும் தனியறை உண்டு, ஆதலின் இடரில்லை.

தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கியிலோ பிடிக்குள் எல்லாம் அடுக்கி வைக்கப்படுகின்றன. மேலுள்ள தோட்டாவின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்பிற்குப் பின்னால் விழுந்துவிட்டால், முன்னே தள்ளும்போது ஒன்றையொன்று பற்றி நின்றுவிடும். மாணவன் கேட்டது இதனைத்தான்! மேலும், 9 மில்லிமீட்டர்த் தோட்டாவின் முழு நீளம் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர்; .357 மேக்னமோ 40 மில்லிமீட்டர். அது கிடக்க வேண்டிய பிடியும் கைக்கு அடங்காமல் அகன்றுவிடுகிறது.

1971இல் வெளிவந்த 'ஆட்டோ மேக்' இவ்விடரைத் தீர்க்கவில்லை, விலகிச் சென்றது; விளிம்பு துருத்தாத புதிய தோட்டாவைத் தனக்கென வகுத்துக்கொண்டது. பழைய தோட்டாவையே ஏற்று வென்றது, 1980களில் விற்பனைக்கு வந்த 'டெசர்ட் ஈகிள்'. பெரும்பாலான கைத்துப்பாக்கிகள் பின்னுதைப்பினால் இயங்க, இதுவோ குழலில் உள்ள சிறு துளைவழியே வெடிவளியைப் பிரித்தெடுத்து, அதன் அழுத்தத்தால் இயங்குகிறது. இராணுவத் துப்பாக்கியைப் போல் சுழன்று பூட்டும் அடைப்பும் இதற்குண்டு. உறையிடாத ஈயக்குண்டைச் சுட்டால் ஈயத்துகள் அத்துளையை அடைத்துவிடும். எடை ஏறத்தாழ இரண்டு கிலோ! இத்தனை பாடுபட்டு இதைச் செய்ததன் பயன் யாது என்று கேட்டால், வேட்டையும் விளையாட்டும் திரைப்படமும் என்பதற்குமேல் எனக்கு விடை தோன்றவில்லை. கருவியின்மீது எனக்கிருந்த வெறுப்பு குறையவில்லை. வினாவின்மீது மட்டும் மதிப்புப் பிறந்தது.

மறுநாள் அவனை அழைத்தேன். நாற்காலியில் அமரச் செய்து, ஒட்டுத்தாளால் இணைத்த படத்தை அவன்முன் வைத்தேன்.

"தம்பி, நேற்று நான் செய்தது தவறு. நீ கேட்டது நல்ல கேள்வி. மேலுள்ள தோட்டாவின் விளிம்பு எப்போதும் கீழுள்ளதற்கு முன்னால் இருக்குமாறு அடுக்க வேண்டுமாம்."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. படத்தையே உற்று நோக்கினான். ஒட்டிய கோட்டின்மேல் விரலை ஓட்டினான்.

"அப்படியென்றால் நான் வரைந்தது பிழை, ஐயா. அழிப்பான் இருக்கிறதா?"

இழுப்பறையைத் திறந்து தேடத் தொடங்கினேன்.