ஆறு குப்பிகள்

கல்லூரி வேதியியல் லேபில் கண்டுபிடிக்க எதுவுமே இருக்காது. பியூரெட்டில் ஊற்றிய கரைசலின் செறிவு சாருக்குத் தெரியும். சால்ட் அனாலிசிஸுக்குப் பொட்டலத்தில் வரும் வெள்ளைத்தூள் என்னவென்று லேப் அட்டெண்டருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பரீட்சை நாளில் அவர் முகத்தைப் பார்த்தே அது குளோரைடா சல்ஃபேட்டா என்று சொல்லிவிடும் பையன்கள் எல்லா செட்டிலும் உண்டு. பழுப்பு வளையம் வந்தால் நைட்ரேட். வர வேண்டியது வரவில்லை என்றால், உனக்குச் செய்யத் தெரியவில்லை, அவ்வளவுதான். இயற்கை தப்பாகச் சொல்ல வாய்ப்பே இல்லாத இடம் அது. ரெக்கார்ட் நோட்டு முன்கூட்டியே தீர்ப்பு எழுதி வைத்திருக்கும்.

நான் படித்தது பொறியியல். முதலாண்டில் தண்ணீரின் கடினத்தன்மையை ஈடிடிஏ வைத்து அளந்தோம். ஒயின் சிவப்பு நீலமாக மாறும் அந்த ஒரு துளி உண்மையிலேயே அழகு. ஆனால் அது எந்த ஊர் தண்ணீர், எந்த போர்வெல் தண்ணீர் என்று யாரும் கேட்டதில்லை. அது எந்த ஊர் தண்ணீரும் இல்லை, லேபிலேயே கலக்கி வைத்தது. ஹாஸ்டல் குழாயில் வரும் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போயிருந்தால்கூட நாங்கள் அளந்த எண்ணுக்கு ஒரு முகவரி கிடைத்திருக்கும்.

இந்தப் பழைய எரிச்சலோடுதான் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் வில்லியம் ஸ்காட், மார்ட்டின் ஓ'டானல் என்ற இரு வேதியியலாளர்கள் தொடங்கிய 'டிஸ்ட்ரிபியூட்டட் டிரக் டிஸ்கவரி' பற்றிப் படித்தேன். சுருக்கமாக டி3. பெயரைப் பார்த்ததும் மென்பொருள்காரனுக்கு ஒரு சிரிப்பு வரும். பெரிய கணக்கைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஊர் உலகத்திலுள்ள கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுப்பது எங்கள் தொழிலில் பழைய தந்திரம். இங்கே துண்டுகள் போய்ச் சேரும் இடம், இளங்கலை மாணவர்கள் வாராவாரம் எப்படியும் போயாக வேண்டிய ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேப்.

செய்முறை எளிமையானது. ஒரு சிறிய சட்டகத்தில் 2 வரிசை, 3 நெடுவரிசையாக ஆறு குப்பிகள். குப்பிக்குள் ரெசின் மணிகள். மூலக்கூறு அந்த மணியின் மேல் ஒட்டிக்கொண்டே படிப்படியாக வளரும். ஒவ்வொரு படிக்குப் பிறகும் கழுவி வடிகட்டினால் மிச்சமான வேதிப்பொருட்கள் ஓடிவிடும், மணி நிற்கும். கடைசியில் அமிலம் விட்டு மூலக்கூறை மணியிலிருந்து பிரித்தெடுக்கலாம். புரதத் துணுக்குகளைச் செய்வதற்காக இந்த முறையை உருவாக்கிய ராபர்ட் புரூஸ் மெரிஃபீல்டுக்கு 1984ல் நோபல் கிடைத்தது. வரிசைக்கு ஒரு வேதிப்பொருள், நெடுவரிசைக்கு ஒரு வேதிப்பொருள். இரண்டும் மூன்றும் பெருக்கினால் ஆறு புதிய மூலக்கூறுகள், ஒரு மாணவர் கையில்.

புதிய என்ற சொல்லை நான் சும்மா போடவில்லை. அவற்றில் சில இதற்கு முன் உலகில் யாரும் செய்யாதவையாக இருக்கலாம். குப்பியில் உள்ளது நோய்க்கிருமியை என்ன செய்யும் என்று பாடம் நடத்தும் பேராசிரியருக்கும் தெரியாது. அட்டெண்டர் முகத்தைப் பார்த்துப் பயனில்லை.

எதற்காக இந்த ஏற்பாடு? ஏழைகளின் நோய்களுக்கு மருந்து தேடுவதில் யாருக்கும் லாபமில்லை என்பதால். 1975 முதல் 1999 வரை உலகச் சந்தைக்கு வந்த புதிய மருந்துகள் 1,393. அவற்றில் வெப்பமண்டல நோய்களுக்கும் காசநோய்க்குமாகச் சேர்த்து வெறும் 16. 2002ல் 'லான்செட்' இதழில் வந்த கணக்கு இது. காலா அசார், சாகஸ், தூக்க நோய் என்று பட்டியல் நீளம். ஆனால் நோயாளியின் சட்டைப் பையில் காசு இல்லை.

இந்தக் கணக்கு எனக்கு வெறும் எண்ணாக இல்லாமல் போனதற்கு என் தாய்மாமா காரணம். அவருக்கு வந்தது வழக்கமான மாத்திரைகளுக்கு அடங்காத காசநோய். வாரத்தில் ஆறு நாள் கனமைசின் ஊசி, மாதக்கணக்கில். நோய் போனது. கூடவே காதும் போனது. அந்த மருந்து காதைக் கெடுக்கும் என்பது டாக்டர்களுக்குத் தெரியும், எங்களுக்கும் சொன்னார்கள். வேறு வழி இல்லை என்றும் சொன்னார்கள். "உசுரா காதான்னா உசுருதானடா," என்று மாமா சொல்வார், தேவைக்கு மேல் சத்தமாக. கனமைசின் 1957ல் ஜப்பானில் கண்டறியப்பட்டது. காசநோய்க்கென்று புதிய வழியில் வேலை செய்யும் பெடாக்விலினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2012 டிசம்பரில். கனமைசினை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2018ல். அந்த நீண்ட இடைவெளியில் வேறு வழி இருந்திருக்கலாம். தேடுவதற்குப் போதிய கைகள் இல்லை.

அதே வருடங்களில் உலகம் முழுக்கக் கல்லூரி லேப்களில் மாணவர்கள் சாலிசிலிக் அமிலத்திலிருந்து ஆஸ்பிரின் செய்துகொண்டிருந்தார்கள். எடை போட்டு, உருகுநிலை பார்த்து, மார்க் வாங்கி, குப்பையில் போட்டார்கள். எத்தனை லட்சம் மணி நேரம்! டி3யின் அடிப்படைக் கேள்வி இதுதான்: அந்தக் கைகள் எப்படியும் வேலை செய்கின்றன, அந்த வேலைக்கு ஒரு முகவரி கொடுத்தால் என்ன?

மாணவர்கள் செய்ததை நம்பலாமா என்று உடனே கேட்கத் தோன்றும். எங்கள் ஆபீஸில் தினம் ஒருமுறையாவது கேட்கும் வாக்கியம், "என் மெஷின்ல ஓடுதே!" உன் மெஷினில் ஓடுவது போதாது, என் மெஷினிலும் ஓட வேண்டும். டி3 இதை முதலிலேயே யோசித்தது. 24 வேதிப்பொருட்களை எடுத்து, அமெரிக்கா, போலந்து, ரஷ்யா, ஸ்பெயின் ஆகிய நாடுகளில் ஒரே வினைக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ஒத்திகை. அந்த ஒத்திகையில் தேறியவற்றையும் ஏற்கெனவே நன்கு அறியப்பட்டவற்றையும் சேர்த்து 24,416 மூலக்கூறுகளின் பட்டியல் ஒன்றைக் கணினியில் உருவாக்கி, 2009ல் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். ஹோட்டல் மெனு அட்டையில் ஐம்பது அயிட்டம் இருக்கும், கேட்டால் இட்லி மட்டும் இருக்கு சார் என்பார்கள். கணினியில் மருந்து வடிவமைப்பவர்களின் நிரந்தரத் தலைவலி அதுதான். திரையில் பிரமாதமாக இருக்கும் மூலக்கூறை லேபில் செய்ய முடியாது. இந்தப் பட்டியலோ சமையலறையில் விசாரித்துவிட்டு அச்சடித்த மெனு.

இதில் மாணவருக்கு என்ன கிடைக்கிறது? ஒரு குப்பியில் எதிர்பார்த்த பொருள் வரவில்லை என்றால், அது உடனே மாணவரின் குற்றமாகிவிடுவதில்லை. அந்த வரிசையில் மற்ற இரண்டும் வந்ததா, பக்கத்து மேசையில் வந்ததா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. மூன்றுமே வராவிட்டால் அந்த வரிசையின் வேதிப்பொருள்மேல் சந்தேகம். ஒன்று மட்டும் வராவிட்டால் கைமேல் சந்தேகம். நாங்கள் பிழை தேடுவதும் இப்படித்தான். எந்த உரை நூலும் இதைச் சொல்லித்தராது, ஏனென்றால் உரை நூலில் எல்லா வினையும் நடந்துவிடும்.

மிகைப்படுத்தவும் வேண்டாம். டி3 லேபிலிருந்து கிளம்பி மருந்துக்கடைக்கு வந்த மாத்திரை எதுவும் இல்லை. மூலக்கூறைச் செய்வது நெடும்பயணத்தின் ஒரு படிதான். கிருமி மேல் சோதனை, விலங்குகள், மனிதர்கள், அனுமதி என்று அதற்கப்பால் பல வருடங்களும் பெரும் பணமும் கிடக்கின்றன. 2016ல் சிட்னி கிராமர் பள்ளி மாணவர்கள் பைரிமெத்தமின் மருந்தை 3.7 கிராம் செய்தபோது உலகமே கைதட்டியது. அதற்கு முந்தைய வருடம்தான் ஒரு அமெரிக்க நிறுவனம் அதன் ஒரு மாத்திரை விலையை 13.50 டாலரிலிருந்து 750 டாலராக ஏற்றியிருந்தது. பையன்கள் செய்தது மருந்தாக விற்கக்கூடியது அல்ல. விலையும் அதனால் இறங்கவில்லை. ஆனால் அந்த 750 டாலருக்கு வேதியியல் காரணமில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

நம் நாட்டிலும் 2008ல் சிஎஸ்ஐஆர் காசநோய்க்காக 'ஓப்பன் சோர்ஸ் டிரக் டிஸ்கவரி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கல்லூரி மாணவர்களும் அதில் பங்கெடுத்தார்கள். ஆக, யோசனை நமக்குப் புதிதல்ல. நம்முடைய தடை வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். புகைக்கூண்டு வேலை செய்யாத லேப்கள், பரிசோதனைக் கருவிகளின் விலை, இதெல்லாம் உண்மைதான். அவற்றைவிடப் பெரிய தடை மார்க். நம் ப்ராக்டிகல் தேர்வில் மதிப்பெண் விடைக்கு. சரியான எண்ணிலிருந்து எவ்வளவு விலகினாய் என்பதற்கு ஏற்பக் குறையும். விடை யாருக்கும் தெரியாத பரிசோதனைக்கு எக்ஸ்டர்னல் எப்படி மார்க் போடுவார்? நோட்டைத்தான் படித்தாக வேண்டும். என்ன செய்தாய், என்ன பார்த்தாய், ஏன் அப்படி நினைத்தாய் என்று கேட்டாக வேண்டும். முப்பது பேருக்கு ஒரு மதியத்தில் அது நடக்காது என்பார்கள். ஆறு குப்பிகளில் நாலு காலியாகப் போனது என்று உண்மையை எழுதிய பெண்ணுக்கு, ஆறும் வந்தது என்று அழகாக எழுதியவனைவிட ஒரு மார்க் கூடப் போட முடிகிற நாளில், மற்றதெல்லாம் வாங்கிப் போடக்கூடிய சாமான்தான்.