சைனீஸ் டேங்கும் சனிக்கிழமை ராத்திரியும்

சர்க்கரை, பிபி, நாய்க்கடி ஊசி என்று எழுதிக்கொண்டிருக்கும் ஆள் இன்றைக்கு டேங்க் பற்றி எழுதப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"நைட் டூட்டி முடிந்ததும் என்ன செய்வீங்க டாக்டர்?" என்று போன வாரம் ஒரு சகோதரி கேட்டிருந்தார். தூங்குவேன் என்று பதில் போட்டேன். அது பாதி உண்மை.

மீதிப் பாதி, வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஆன்லைனில் ஆடும் டேங்க் சண்டை. நம் பக்கம் 15 பேர், எதிர்ப்பக்கம் 15 பேர், அதிகபட்சம் 15 நிமிடம். நம் டேங்க் வெடித்தால் அந்த ஆட்டத்தில் அவ்வளவுதான், மறு உயிர் கிடையாது. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனிக் கிளை. ஒன்றாம் படியில் ஆரம்பித்து ஒவ்வொரு டேங்காக ஆடி ஆடிப் பத்தாம் படிக்கு ஏற வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். எங்களைப் போல டூட்டி பார்ப்பவர்களுக்கு வருடக்கணக்கில்.

சீனாவின் கிளை இந்த கேமுக்குள் வந்தது 2013 ஜனவரியில். கொஞ்ச நாளில் நாங்கள் ஹவுஸ் சர்ஜன். ஹாஸ்டல் ரூமில் இரண்டு லேப்டாப், ஒரே ஒரு டேட்டா கார்டு. ரூம் மேட் அமெரிக்கக் கிளையை எடுத்தான். அவன் எடுத்ததை நானும் எடுக்கக் கூடாது என்று நான் சீனாவை எடுத்தேன். சத்தியமாக வேறு காரணம் கிடையாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

சீன மீடியம் டேங்குகள் குள்ளம். டரட், அதாவது பீரங்கி பொருத்திய மேல் மண்டை, கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி உருண்டையாக இருக்கும். இந்த கேமில் சாதாரணக் கவசத் துளைப்புக் குண்டு 70 டிகிரிக்கு மேல் சாய்வாகப் பட்டால் துளைக்காமல் தெறித்துவிடும் (படும் இடத்தில் கவசம் ரொம்ப மெல்லியதாக இருந்தால் தவிர). அந்த உருண்டைச் சட்டியில் குண்டு வழுக்கி ஓடும் சத்தம் கேட்பதில் ஒரு தனி சுகம் இருக்கிறது. ஆடியவர்களுக்குத்தான் தெரியும்.

ஓட்டமும் நல்ல ஓட்டம். பத்தாம் படியில் வரும் 121 என்ற மீடியத்துக்கு 122 மி.மீ. பீரங்கி. ஒரு குண்டுக்குச் சராசரியாக 440 டேமேஜ். அதே படியில் ரஷ்யாவின் டி-62ஏ கொடுப்பது 320தான். எட்டிப் பார்த்து ஒன்று கொடுத்துவிட்டு மறைந்துகொண்டால் ஒவ்வொரு முறையும் லாபம் நமக்கு. (அப்டேட்டுக்கு அப்டேட் எண்களை மாற்றுவார்கள். டேங்கின் சுபாவம் அவ்வளவாக மாறாது.)

இனி கெட்டது.

அந்த 440, பட்டால்தான் 440. குறி வட்டம் சுருங்க நேரம் எடுக்கும். சுருங்கின பிறகும் குண்டு வட்டத்துக்குள் எங்கே போகும் என்று குண்டுக்கே தெரியாது. தூரத்தில் நிற்கும் எதிரி பயப்படத் தேவையே இல்லை. ஒன்று தவறினால் அடுத்த குண்டு ஏற நீண்ட காத்திருப்பு. குழந்தைக்கு வெயின் கிடைக்காமல் ஊசியை வெளியே எடுக்கும்போது அம்மா நம்மைப் பார்ப்பார் பாருங்கள், அந்த மாதிரியான நொடிகள் அவை.

ஆனால் இதெல்லாம் சளி, இருமல். பெரிய வியாதி வேறு. சீன டேங்கின் பீரங்கி கீழே குனியாது.

இது ஏன் முக்கியம்? ஒரு மேட்டுக்குப் பின்னால் டேங்கை நிறுத்தி, தலையை மட்டும் நீட்டிச் சுட வேண்டும் என்று வையுங்கள். மேட்டில் ஏறும்போது டேங்கின் மூக்கு வானத்தைப் பார்க்கும். எதிரியோ கீழே இருப்பான். பீரங்கியைக் கீழே சாய்க்க முடிந்தால் உடம்பை மேட்டுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டே சுடலாம். அமெரிக்க மீடியம்கள் ஒன்பது, பத்து டிகிரி சாயும். 121 அதில் பாதியைத் தாண்டாது. குறி வைக்க வேண்டுமென்றால் மேட்டைத் தாண்டி மொத்த உடம்பையும் வெளியே கொண்டுவர வேண்டும். அதற்குள் நான்கு பேர் சுட்டிருப்பார்கள்.

கேம் செய்தவர்கள் வேண்டுமென்றே வைத்த குறை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்புறம்தான் நிஜ டேங்கைப் பற்றிப் படித்தேன்.

இந்த மீடியம் கிளைக்கெல்லாம் ஆதாரம் டைப் 59. சோவியத்தின் டி-54ஏ டேங்கைச் சீனா தன் மண்ணில், உள் மங்கோலியாவின் பாவ்டோ தொழிற்சாலையில் தயாரித்த வடிவம். 100 மி.மீ. பீரங்கி, சுமார் 36 டன், உள்ளே நான்கு பேர். 1959 அக்டோபர் 1 அணிவகுப்பில் பெய்ஜிங் வீதியில் ஓடியது. 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் அதிபர் மாளிகையின் பிரதான கேட்டை இடித்துக்கொண்டு நுழைந்த வடக்கு வியட்நாமின் 390ஆம் எண் டேங்க் ஒரு டைப் 59தான்.

இதை வடிவமைத்தவர்களின் ஆசை ஒன்றே ஒன்று. டேங்க் குள்ளமாக இருக்க வேண்டும், எதிரி கண்ணில் படக் கூடாது. அதற்காகக் கூரையைத் தாழ்த்தினார்கள். இப்போது பீரங்கியை சீசா பலகையாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே வாய் கீழே இறங்க வேண்டுமென்றால் உள்ளே பின்பக்கம் மேலே ஏற வேண்டும். மேலே கூரை இடிக்கிறது. நாலைந்து டிகிரியோடு நின்றுவிடும்.

குண்டு வழுக்கி ஓடும் அதே தாழ்ந்த மண்டைதான் பீரங்கியைக் குனிய விடாமல் தடுக்கிறது. ஆஸ்பிரின் மாதிரி. மாரடைப்பில் ரத்தம் உறையாமல் காப்பாற்றும் அதே வேலைதான், வயிற்றில் புண் இருந்தால் ரத்தத்தை நிற்க விடாமல் செய்யும். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை மட்டும் கழற்றிப் போட முடியாது.

உள்ளே இட நெருக்கடி வேறு. டிரைவர் முன்னால் இடது பக்கம் உட்கார்ந்தால், அவருக்கு வலது பக்கத்திலேயே குண்டுகளும் டீசலும். கேமிலும் அந்த இடத்தில் ஒன்று சரியாக வாங்கினால் மொத்தமாக வெடித்து டரட் தனியாகப் பறக்கும். எனக்குப் பறந்திருக்கிறது. எத்தனை முறை என்று கேட்காதீர்கள்.

ஹெவி எடுக்கலாமா என்று கேட்பீர்கள். 113 ஹெவி என்று பெயர், மீடியம் மாதிரி ஓடும், குனிவது அதற்கும் கஷ்டம். இப்போது பின்னால் ராக்கெட் கட்டிக்கொண்டு பாயும் பிஇசட்-75 எல்லாம் வந்துவிட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை. டேங்க் என்றால் டேங்காக இருக்க வேண்டும்.

சரி, ரூம் மேட் கதைக்கு வருகிறேன்.

அவன் இரண்டாவது முயற்சியிலேயே பிஜி சீட் வாங்கினான். இப்போது சர்ஜன். நான் நான்கு முறை எழுதினேன். இப்போது தாலுகா மருத்துவமனை கேஷுவாலிட்டியில் இருக்கிறேன், எம்பிபிஎஸ். வேலை பிடித்துத்தான் செய்கிறேன். ஆனாலும் அவன் போனில் கேஸ் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் பேச்சை டேங்குக்கு மாற்றிவிடுவேன். சனிக்கிழமை ராத்திரி இருவருக்கும் டூட்டி இல்லை என்றால் ஒரே அணியில் ஆடுவோம். எங்களுக்குள் மிச்சம் இருப்பது அதுதான்.

பல வருடமாக ஒரே கதை. அவன் பேட்டனை எடுத்துக்கொண்டு ஒரு மேட்டைப் பிடிப்பான். "மச்சான், என் பக்கத்துல வந்து நில்லுடா, இங்க சேஃப்." நானும் போவேன். அவனுக்கு அது சேஃப். எனக்குக் குனியாது. வெளியே வருவேன், செத்துப்போவேன். "அந்தச் சீன டப்பாவ வித்துட்டு பேட்டன் எடுன்னு எத்தனை தடவ சொல்றது? எதையும் மாத்திக்கவே மாட்ட நீ" என்பான். கடைசி வரி டேங்கைப் பற்றி மட்டுமா என்று எனக்குச் சந்தேகம். கேட்டதில்லை.

இரண்டு மாதம் முன்பு மைன்ஸ் மேப். நடுவில் குன்று. அவன் வழக்கம்போல அதில் ஏறினான், கூப்பிட்டான். நான் போகவில்லை. கீழே சமதளத்தில், பாறை மறைவில், எதிரிக்கு நூறு மீட்டருக்குள் போய் நின்றேன். அங்கே குனியத் தேவையில்லை. வட்டம் சுருங்கவும் தேவையில்லை, அவ்வளவு பக்கம். மூன்று டேங்கை உடைத்தேன். என் பெயரில் வந்த நல்ல ஆட்டங்களில் அதுவும் ஒன்று.

மேலே அவன் தனியாக இருந்தான். அவனைப் பக்கவாட்டில் சுற்றி வந்து உடைத்தார்கள். நான் பக்கத்தில் இருந்திருந்தால் உடைத்திருக்க மாட்டார்கள், அதுவும் உண்மை.

"ஜெயிச்சோம்ல?" என்றேன்.

"நீ ஜெயிச்ச" என்றான். லாக் அவுட்.

அதற்கப்புறம் மூன்று சனிக்கிழமை அவனுக்கு எமர்ஜென்சி கேஸ் இருந்தது. இருந்திருக்கும். சர்ஜனுக்கு இருக்காதா?

நான் தனியாக ஆடிப் பார்த்தேன். ஒரு ஆட்டத்துக்கு மேல் ஓடவில்லை.

நேற்று சாயங்காலம் பாம்புக்கடி கேஸ் ஒன்றுக்கு ஏஎஸ்வி ஓடிக்கொண்டிருந்தது. நோயாளி இப்போது நலம். கையுறையைக் கழற்றிவிட்டு போனைப் பார்த்தால் அவனிடமிருந்து மெசேஜ்.

"சனிக்கிழமை ஃப்ரீ. நீ எந்தப் பக்கம் போவன்னு முதல்லயே சொல்லிடு. நான் அந்தப் பக்கம் மேடு இருக்கான்னு பாத்துக்கறேன்."